சொல்லி வைத்த நாற்காலி

அத்தை வார்டு தேர்தலில் ஜெயித்த அன்று மாலை, தோற்றவர் வாழ்த்துச் சொல்ல எங்கள் வீட்டுக்கு வந்தார். அவர் முன்வாசல் வழியாக வந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

முன்வாசலில் அவரால் நுழைய முடியவில்லை. அத்தை சைக்கிள் பழுதுபார்க்கிறவள். வீட்டின் முன்னறைதான் கடை. அவளுக்கு ஓட்டுப் போட்டவர்களில் பாதிப் பேர் சைக்கிளோடு வந்து தெருவை அடைத்துக்கொண்டு மணியடித்துக்கொண்டிருந்தார்கள். தோற்றவரோ பருத்த ஆள், கையில் பெரிய பிஸ்கட் டின் வேறு. கூட்டத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு பின்வாசலுக்கு வந்தார். அங்கே மின்சார மீட்டருக்குப் பக்கத்தில் நகரசபை அடித்துவைத்த சின்னத் தகடு ஒன்று இருக்கிறது. நாங்கள் யாரும் அதை நின்று படித்ததில்லை. அவர் படித்தார். வார்டு எட்டு என்று போட்டிருந்தது.

அத்தை ஜெயித்தது ஏழாம் வார்டில்.

அவர் சமையலறை வழியாகக் கூடத்துக்கு வந்தபோது, அங்கே நிறைந்திருந்த ஆட்களுக்கு நடுவில் மாமா ஸ்டூலில் ஏறி விளக்கு மாட்டிக்கொண்டிருந்தார். மாமா பேருந்து ஓட்டுநர். அத்தையின் வேட்புமனுவை முன்மொழிந்தவர் அவர்தான்.

"ஏங்க, உங்க ஓட்டு எந்த வார்டுல?" என்று கேட்டார் தோற்றவர்.

மாமாவுக்கு இது பழைய வேடிக்கை. கரெண்டு பில் மாமா பெயரில் பின்வாசலுக்கு வருகிறது. கணக்கெடுக்க வந்த யாரோ அதை வைத்து அவரை எட்டில் சேர்த்துவிட்டார்கள். அத்தை கடை முகவரியால் ஏழில் இருக்கிறாள். "எனக்கு எட்டு, அவளுக்கு ஏழு. ஓட்டுப் போடுற அன்னிக்கு மட்டும் நாங்க பிரிஞ்சிருவோம்" என்று மாமா ஸ்டூலில் நின்றபடியே சிரித்தார்.

தோற்றவர் சிரிக்கவில்லை. முன்மொழிகிறவர் அதே வார்டு வாக்காளராக இருக்க வேண்டும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். அவர் முதலில் அழைத்துப்போன ஆளை அதிகாரி இதே காரணம் சொல்லித் திருப்பி அனுப்ப, வேறு ஆளைத் தேடி வெயிலில் ஓடியவர் அவர். அத்தையின் மனுவை மட்டும் அதே அதிகாரி கவனிக்காமல் விட்டிருந்தார்.

பிஸ்கட் டின்னை மேசைமேல் வைத்தார். "சைக்கிளம்மா, வாழ்த்துகள். ஆனா இந்தத் தேர்தல் செல்லாது. எல்லாருக்கும் முன்னாடி சொல்லிட்டேன், எல்லாரும் கேட்டுக்குங்க."

அத்தை கையில் கிரீஸ் துணியோடு நின்றாள். "சரி அண்ணே. டீ குடிச்சுட்டுப் போங்க."

அவர் டீ குடித்துவிட்டுத்தான் போனார். போகும்போது என்னைப் பார்த்து, "நாளைக்குக் கொஞ்சம் சீக்கிரம் வா கணக்கு, லோடு வருது" என்றார். ஏனென்றால் அவர்தான் என் முதலாளி.

இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டுமோ என்னவோ. நான் பகலில் அவருடைய மரச்சாமான் கடையில் கணக்கு எழுதுகிறேன், அதனால் அவருக்கு என் பெயரே கணக்கு. மாலையில் சட்ட வகுப்புக்குப் போகிறேன். இரவு அத்தை வீட்டில் சாப்பிட்டுத் தூங்குகிறேன். தேர்தல் முடியும்வரை இரண்டு பக்கமும் என்னைச் சந்தேகப்பட்டன. கடையில் நான் சைக்கிள் கட்சி. வீட்டில் நான் கட்டில் கட்சி. இரண்டு பக்கமும் எனக்கு டீ கொடுப்பதை மட்டும் நிறுத்தவில்லை.

அத்தை தேர்தலில் நின்றதற்குக் காரணம் ஒரு மூலை. எங்கள் தெரு பள்ளிக்கூடத் தெருவோடு சேரும் இடத்தில், எங்கள் வீட்டுக்கும் முதலாளியின் கடைக்கும் நடுவில், லாரிகள் வேகத்தைக் குறைக்காமல் திரும்பும். பிள்ளைகள் சைக்கிளோடு விழுவார்கள். சக்கரம் வளைந்து அத்தையிடம் வரும். நிமிர்த்த முடியாத ரிம்களை அவள் கடைச் சுவரில் ஆணியடித்து மாட்டிவைத்தாள். சுவர் நிரம்பியதும் கூரையில் தொங்கவிட்டாள். கூரையும் நிரம்பிய பிறகு வேட்புமனு போட்டாள். அவள் பிரசாரத்தில் பேச்சே கிடையாது. ஒரு வளைந்த ரிம்மைத் தோளில் மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய், "இது யார் வீட்டுப் பிள்ளையோடதுன்னு பாருங்க. மூலையில ஒரு சிக்னல் விளக்கு வேணும். அவ்வளவுதான்" என்பாள்.

ஆகவே செல்லாது என்று ஆனால் போவது அத்தையின் பதவி மட்டுமில்லை. மறுபடி தேர்தல், மறுபடி மனு, மறுபடி எண்ணிக்கை. அதுவரை மூலை அப்படியேதான் இருக்கும். அந்த ராத்திரி மாமா பின்வாசல் தகட்டை ஒரு முறை துடைத்துப் பார்த்துவிட்டு வந்து, "எட்டுதான்" என்றார். துடைத்தால் ஏழாகிவிடும் என்று நினைத்திருப்பார்.

மறுநாள் கடையில் முதலாளி உற்சாகமாக இருந்தார். தோற்றவர் போலவே இல்லை.

இங்கே எங்கள் கடையின் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முதலாளியிடம் முன்பணம் கிடையாது, ரசீது கிடையாது. வாடிக்கையாளர் வந்து, "அந்தக் கட்டில் எனக்கு" என்று நாலு பேர் கேட்கச் சொன்னால் போதும். முதலாளி கட்டிலைப் புரட்டி அடிச்சட்டத்தில் சாக்பீஸால் ஒரு அடையாளம் போடுவார். அதன் பிறகு அந்தக் கட்டில் அவருடையது. அவர் எப்போது வந்தாலும் சரி. ஒருவருக்குக் கல்யாணம் தள்ளிப்போய்த் தள்ளிப்போய் நின்றே போனது. அவருடைய இரட்டைக் கட்டில் இன்னும் பின் கிடங்கில் நிற்கிறது. யாராவது விலை கேட்டால், "அது சொல்லி வச்சது" என்பார் முதலாளி. "இன்னொரு பொண்ணு கிடைக்கும் அந்தத் தம்பிக்கு. அப்ப வந்து கட்டில் எங்கேன்னா நான் என்ன பதில் சொல்றது?"

தேர்தலுக்கு முன்பே, வார்டு உறுப்பினர் அறைக்கென்று உயரமான முதுகு வைத்த நாற்காலி ஒன்றை அவர் செய்துவைத்திருந்தார். அதன் அடியிலும் சாக்பீஸ் அடையாளம். சொல்லி வைத்தது அவரேதான்.

லோடு இறங்கியதும் அவர் தேர்தல் அலுவலகத்துக்குப் போனார். அத்தையின் தேர்தல் செல்லாது என்று ஒரு கடிதம் கொடுத்து, கிடைத்தது என்று ஒரு முத்திரை வாங்கிக்கொண்டு வந்தார். முத்திரையைக் கடையில் எல்லோருக்கும் காட்டினார்.

"முடிஞ்சது கணக்கு. இனி அந்த சீட்டு நம்ம பேர்ல. நிதானமா நல்ல வக்கீலாப் பாத்துக் கேஸ் போட்டுக்கலாம்."

"நல்ல வக்கீல்னா யாரு முதலாளி?"

"பெரியவர் ஒருத்தர் இருக்கார். மகள் வீட்டுக்கு வெளிநாடு போயிருக்கார். வந்ததும் பாக்கணும்."

முதலாளியின் மனைவி மதிய வேளையில் கடைக்கு வந்து மெத்தை உறை தைப்பார். தையல் மிஷினை நிறுத்தாமலே கேட்டார். "அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் என்ன? சொல்லி வச்சாச்சுல்ல."

அந்த வாரமே எங்கள் மாலை வகுப்பில் தேர்தல் வழக்குகள் வந்தன. இது தற்செயல்தான், பாடத்திட்டத்தில் அந்த இடத்தில்தான் இருந்தது. எங்கள் ஆசிரியர் பகலில் வழக்கறிஞர், மாலையில் பசியோடு வருவார், ஆகவே சுருக்கமாகப் பேசுவார். தேர்தலை எதிர்ப்பவர் முடிவு அறிவித்த முப்பது நாளுக்குள் நீதிமன்றத்தில் மனு தாக்கல் செய்ய வேண்டும் என்றார். மற்ற வழக்குகளில் காலதாமதத்துக்கு நல்ல காரணம் காட்டினால் நீதிபதி மன்னிக்கலாம். இதில் மன்னிக்கிற அதிகாரத்தையே சட்டம் அவருக்குக் கொடுக்கவில்லை.

நான் கை தூக்கினேன். வகுப்பில் நான் கை தூக்குவது அபூர்வம். என் கேள்வி முட்டாள்தனமாக இருக்குமோ என்று யோசித்து முடிப்பதற்குள் பாடம் அடுத்த பக்கம் போய்விடும்.

"சார், முதல் நாளே தேர்தல் அதிகாரிகிட்ட எழுதிக் கொடுத்து முத்திரையும் வாங்கியிருந்தா?"

"அதிகாரிகிட்ட கொடுத்தா அது கடிதம். கோர்ட்டுல கொடுத்தாத்தான் வழக்கு. நூறு கடிதம் கொடுத்தாலும் முப்பது நாள் அதுபாட்டுக்கு ஓடும்."

"ஆனா அவர் பக்கம் நியாயம் இருந்தா?"

ஆசிரியர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, உட்கார்ந்தார். "இருக்கலாம்மா. நிறைய பேருக்கு இருந்திருக்கு. ஆனா ஜெயிச்ச ஆள் எத்தனை நாளைக்கு ஒரு காலை வெளியே வச்சுக்கிட்டே உக்காருவார்? இன்னிக்கு எழுப்புவாங்களா நாளைக்கு எழுப்புவாங்களான்னு இருந்தா, அவர் ஊருக்கு என்ன செய்வார்? கேக்கிறவன் சீக்கிரம் கேக்கணும். அதுதான் இதுல உள்ள நியாயம்." எழுந்தார். "நீ யார் தரப்பு?"

"தெரியலை சார்" என்றேன். வகுப்பு சிரித்தது. நான் உண்மையைத்தான் சொன்னேன்.

வீட்டுக்கு நடந்து வரும்போது யோசித்தேன். முதலாளியிடம் சொல்லாவிட்டால் அத்தை தப்பிப்பாள். சொன்னால், அவர் நாளைக்கே தாக்கல் செய்வார், தகடு பொய் சொல்லாது. சம்பளம் கொடுப்பவருக்குத் தெரிந்ததை மறைப்பதா, சோறு போடுகிறவளுக்குக் கேடு செய்வதா? இரண்டு பக்கமும் காரணங்களை அடுக்கினேன். ஒவ்வொரு முறையும் நான் கடைசியாக யோசித்த பக்கம்தான் சரி என்று பட்டது. இப்படிப்பட்டவள் எப்படி வக்கீலாகப் போகிறேன் என்று தனியாக ஒரு கவலை வேறு.

அத்தை தலைகீழாகக் கவிழ்த்த சைக்கிளின் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். மாமா சட்டையைக் கழற்றாமலே வந்து கதவருகில் நின்று கேட்டார்.

"சொல்லாதே" என்றார் மாமா உடனே. "அவர் கடைக் கணக்குத்தானே உன் வேலை? கோர்ட்டுக் கணக்கு இல்லையே."

அத்தை சக்கரத்தை விரலால் நிறுத்தினாள். "சொல்லிடு."

"அத்தை, சொன்னா உன் சீட்டு போயிடும்."

"சொல்லலைன்னா நீ ஒரு வாரத்துக்குச் சோறு திங்க மாட்டே. ராத்திரி பூரா புரண்டு படுத்துப் பெருமூச்சு விடுவே. அந்தக் கட்டில் வேற கிரீச் கிரீச்சுங்கும். எனக்குத்தான் தூக்கம் கெடும்."

"அது அவங்க கடைக் கட்டில்தான்" என்றார் மாமா.

"அதையும் சொல்லிடு" என்றாள் அத்தை. பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஏண்டி, மனுசன் பிஸ்கட்டோட வாழ்த்துச் சொல்ல வந்தார். தோத்த அன்னிக்கு யார் வருவா? அவர் அசந்த நேரத்துல நான் அந்த நாற்காலியில உக்கார மாட்டேன். தெரிஞ்சும் கேஸ் போடாம விட்டார்னா அது அவர் பாடு."

மாமா அன்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டுதான் சாப்பிட்டார். இரண்டாவது முறை சோறு மட்டும் கேட்டார்.

மறுநாள் காலை முதலாளி மேசை ஒன்றுக்கு வார்னிஷ் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சட்டப் புத்தகத்தைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். பக்கத்தில் அடையாளத் துண்டும் வைத்திருந்தேன்.

"முதலாளி, கேஸை முப்பது நாளுக்குள்ள கோர்ட்டுல போடணுமாம். அதுக்கு மேல ஒரு நாள் போனாலும் எடுக்க மாட்டாங்களாம்."

அவர் மேசையின் விளிம்பைத் தடவியபடியே, "யார் சொன்னா?" என்றார்.

"சட்டம். இதோ இந்தப் பக்கத்துல."

அவர் பக்கத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். கண்ணில் ஒரு குறும்பு வந்தது. "கணக்கு, உங்க அத்தை அனுப்பினாளா?"

"ஆமா" என்றேன். அது உண்மைதானே.

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "பாத்தியா. அவசரமா ஒரு குட்டி வக்கீலப் புடிச்சு அரைகுறையா கேஸ் போட வைக்கப் பாக்குறாங்க. நான் முதல் நாளே சொல்லியாச்சு. முத்திரை வாங்கியாச்சு. சொல்லி வச்ச பொருளை ஒருத்தன் தாமதமா வந்தான்னு இல்லைன்னு சொல்ற கடை உலகத்துல உண்டா?"

"இது கடை இல்லையே முதலாளி."

"கடை எல்லாம் ஒண்ணுதான்."

தையல் மிஷின் நின்றது. "அந்தப் பொண்ணு புத்தகத்தைத் திறந்து வச்சுக்கிட்டு நிக்குது. ஒரு தடவை வாசிச்சுத்தான் பாருங்களேன்" என்றார் முதலாளியின் மனைவி.

"நீ உறையைத் தை."

மிஷின் மறுபடி ஓடியது, முன்னைவிட வேகமாக.

நான் விடவில்லை. இரண்டு நாள் கழித்துப் புத்தகத்தில் உள்ளதை என் கையெழுத்தில் எழுதி அவர் மேசையில் வைத்தேன். அதன்மேல் டீ கிளாஸை வைத்தார். கடைசி நாளன்று நேராகவே சொன்னேன். "முதலாளி, இன்னிக்குத்தான் கடைசி." அன்று ஒரு பள்ளிக்கூடத்துக்கு நாற்காலிகள் அனுப்ப வேண்டியிருந்தது. அவர் லாரியின் பின்னால் நின்று கயிறு இழுத்துக்கொண்டே, "பெரிய வக்கீல் ஞாயித்துக்கிழமை வந்துடுவார். நீ எண்ணிக்கையைச் சரி பாரு" என்றார். நான் எண்ணிக்கையைச் சரி பார்த்தேன். சரியாக இருந்தது.

அதற்குள் அத்தை உறுதிமொழி எடுத்துவிட்டாள். நகரசபையில் அளவெடுக்கிற ஆளை மூலைக்குக் கூட்டிவந்து, லாரி திரும்பும் இடத்தில் அவரையே சைக்கிள் ஓட்டச் சொல்லிக் காட்டினாள். அவர் ஒரே தடவையில் சிக்னல் தேவை என்று எழுதிக்கொடுத்தார். நகரசபை தீர்மானம் போட்டது. கம்பம் வரும் இடத்தை அறிவிக்க வேண்டிய நேரத்தில் நீதிமன்ற நோட்டீஸ் வந்தது.

பெரிய வக்கீல் கேஸை எடுக்கத் தயங்கினாராம். தாமதமாகிவிட்டது, நிற்காது என்று எச்சரித்தாராம். இதையெல்லாம் முதலாளியின் மனைவிதான் என்னிடம் சொன்னார். முதலாளி முத்திரையைக் காட்டி, "நான் சொல்லி வச்சிருக்கேன், அதை மட்டும் ஜட்ஜ்கிட்ட சொல்லுங்க" என்று ஒற்றைக்காலில் நின்றிருக்கிறார். கடைசியில் தேர்தல் மனுவோடு, காலதாமதத்தை மன்னிக்கும்படி இன்னொரு மனுவும் சேர்த்துப் போட்டார்கள்.

நோட்டீஸ் வந்த அன்று அத்தை ஒரு பஞ்சர்கூட ஒழுங்காக ஒட்டவில்லை. "நீ சொன்ன சட்டம் சரிதானே?" என்று கேட்டாள். சரி என்றேன். ராத்திரி பாடத்தை மறுபடி படித்தேன். விதிவிலக்கு ஏதாவது அடிக்குறிப்பில் ஒளிந்திருக்குமோ என்று சின்ன எழுத்தையெல்லாம் படித்தேன். ஒன்றும் இல்லை. ஆனாலும் நான் பார்க்காதது ஏதோ இருக்கும் என்றே தோன்றியது. கட்டில் கிரீச்சிட்டது. அடுத்த அறையிலிருந்து, "படுடி" என்று குரல் வந்தது.

நீதிமன்ற அறை நான் நினைத்ததைவிடச் சின்னது. மின்விசிறி சுற்றும்போதெல்லாம் காகிதங்களின் ஓரம் படபடத்தது. எல்லா மேசையிலும் கல், பேப்பர்வெயிட், ஒரு மேசையில் பழைய பூட்டு. முதலாளி முன்வரிசையில் சலவைச் சட்டையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மனைவி. பின்வரிசையில் அத்தை, மாமா, நான். நான் எங்கே உட்காருவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நடுவழியில் நின்றேன். மாமா கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார்.

நீதிபதி நரைத்த தலைமுடியும் மூக்குக்கண்ணாடியும் உள்ள பெண். மனுவைப் புரட்டினார். பெரிய வக்கீல் எழுந்து, கட்சிக்காரர் முதல் நாளிலிருந்தே விழிப்போடு இருந்தார் என்று ஆரம்பித்தார். குரலில் ஒரு சோர்வு இருந்தது.

"விழிப்போடு இருந்தார் என்றால் ஏன் தாமதம்?" என்றார் நீதிபதி.

வக்கீல் திரும்பிக் கட்சிக்காரரைப் பார்த்தார். கட்சிக்காரர் எழுந்துவிட்டார்.

"அம்மா, நான் அன்னிக்கே சொல்லிட்டேன். கூடத்துல நாப்பது பேர் முன்னாடி. மறுநாள் எழுதியும் கொடுத்தேன். முத்திரை இருக்கு. எங்க கடையில ஒரு பொருளைச் சொல்லி வச்சா அது சொன்னவருக்குத்தான், எத்தனை வருஷம் ஆனாலும்."

வக்கீல் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். நீதிபதி கையைக் காட்டினார், விடுங்கள் என்பது போல. அவருக்கு ஆவல் வந்துவிட்டது என்று எனக்குப் பட்டது.

"என்ன கடை?"

"மரச்சாமான் அம்மா."

"ஒருவர் நாற்காலியைச் சொல்லிவைத்துவிட்டு வரவே இல்லை. என்ன செய்வீர்கள்?"

"கிடங்குல போட்டு வச்சிருப்பேன்."

"அதுவரை அதில் யாராவது உட்காரலாமா?"

"உக்கார விடமாட்டேன். புதுசா இருக்கணும்ல."

"அப்படியானால் வார்டு உறுப்பினர் நாற்காலியையும் நீங்கள் வரும்வரை கிடங்கில் போட்டுவைக்கச் சொல்கிறீர்களா? உங்கள் தெரு அதுவரை என்ன செய்யும்?"

முதலாளி தலையைச் சொறிந்தார். அவர் யோசிக்கிறார் என்பது பின்னாலிருந்தே தெரிந்தது. அவர் யோசிக்கும்போது கழுத்து சிவக்கும். நிஜமாகவே பதில் தேடினார்.

"அது... அப்படி நான் பாக்கலை அம்மா" என்றார்.

"உட்காருங்கள்."

நீதிபதி சொன்னது சுருக்கமாகவே இருந்தது. முன்மொழிந்தவர் எந்த வார்டு என்ற கேள்விக்குள் நீதிமன்றம் போகவில்லை. அதில் வலு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். மனு காலம் கடந்து வந்திருக்கிறது. அதிகாரியிடம் கொடுத்த கடிதம் தாக்கல் ஆகாது. தாமதத்தை மன்னிக்கச் சட்டம் இடம் தரவில்லை, தனக்கு விருப்பம் இருந்தாலும் முடியாது. இரண்டு மனுவும் தள்ளுபடி.

எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. ஆசிரியர் சொன்னதும் புத்தகத்தில் இருந்ததும் இந்த அம்மாள் சொன்னதும் ஒன்றே என்று எனக்குள்ளே சரிபார்த்துக்கொண்டிருந்தேன். மாமா என் முழங்கையைக் குத்தினார். "ஜெயிச்சுட்டோமா?"

"ஆமா மாமா."

"அப்புறம் ஏன் மூஞ்சியை இப்படி வச்சிருக்கே?"

அத்தை அழவில்லை, சிரிக்கவில்லை. இரண்டு கையையும் மடியில் வைத்து விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று காலை சோப்புப் போட்டுத் தேய்த்தும் நகக்கண்ணில் கிரீஸ் போகவில்லை. "இனி என்னை எழுப்ப மாட்டாங்கல்ல?" என்றாள். மாட்டார்கள் என்றேன். அப்போதுதான் அவள் முகம் மலர்ந்தது. நான் அவளை அப்படிப் பார்த்ததே இல்லை, ஜெயித்த அன்றுகூட.

தாழ்வாரத்தில் முதலாளி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என் வேலை இன்றோடு சரி என்று முடிவு செய்துகொண்டு அவர் முன்னால் போய் நின்றேன்.

"அப்பவே சொன்னேன்னு சொல்லிடாத கணக்கு" என்றார்.

"அவ சொல்ல மாட்டா. நான் சொல்றேன்" என்றார் அவர் மனைவி. "அந்தப் பொண்ணு அப்பவே சொல்லிச்சு. மூணு தடவை சொல்லிச்சு. அதுவும் எதிராளி வீட்டுப் பொண்ணு."

"நீ யார் பக்கம்?"

"ஓட்டுப் போட்டப்பவே நான் சைக்கிள் பக்கம்தான்."

முதலாளி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"உங்க லாரி அந்த மூலையில திரும்பும்போது தினமும் நான் கண்ணை மூடிக்கிறேன். சிக்னல் வேணும்னு அவங்க மட்டும்தான் கேட்டாங்க. எங்க தங்கச்சி, அவ வீட்டுக்காரர், ரெண்டு மருமகளுங்க எல்லாரும் அவங்களுக்குத்தான் போட்டாங்க."

"மருமகளுங்களுமா?"

"அவங்கதான் முதல்ல."

அவர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். பிறகு, நாங்கள் எதிர்பார்க்காத நேரத்தில், தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாரோ என்று அத்தை பதறி ஓர் அடி முன்னால் வந்தாள். சிரித்துக்கொண்டிருந்தார். "வீட்டுலயே எனக்கு டெபாசிட் போயிருக்கு, நான் கோர்ட்டுக்கு வந்திருக்கேன்" என்றார். பெரிய வக்கீலும் சிரித்துவிட்டார். மாமா போய் எல்லோருக்கும் டீ வாங்கிவந்தார். ஒரு கிளாஸ் குறைந்தது. முதலாளியும் மாமாவும் ஒரே கிளாஸைப் பகிர்ந்துகொண்டார்கள்.

டீ முடிந்ததும் முதலாளி அத்தையைப் பார்த்தார். "மெம்பர்" என்றார். அவர் அத்தையை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "அந்தக் கம்பம் எங்க வருது?"

"உங்க கடைக்கு முன்னாடி அண்ணே. நடைபாதை ஓரத்துல."

"என் லாரி சாமான் இறக்குற இடத்துலயா?"

"அங்கதான் அளந்திருக்காங்க. ஆட்சேபம் இருந்தா எழுதிக் கொடுக்கலாம்னு நகரசபை வாசல்ல அறிவிப்பு ஒட்டியிருக்கு."

"எத்தனை நாளுக்குள்ள?"

"அடுத்த வெள்ளி வரைக்கும்."

முதலாளி எழுந்தார். "கணக்கு, இப்ப அங்க திறந்திருப்பாங்களா?"

நாங்கள் நீதிமன்றத்திலிருந்து நேராக நகரசபைக்குப் போனோம். வழியில் அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஆட்டோவில் எழுதியதால் என் கையெழுத்து எனக்கே பிடிக்கவில்லை. மறுபடி எழுதட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம், வேண்டாம், கொடு" என்று பிடுங்கிக்கொண்டு ஜன்னலில் நீட்டினார். அந்தக் கம்பத்துக்கு வந்த முதல் ஆட்சேபம் அதுதான். உறுப்பினராக அத்தையின் மேசைக்கு வந்த முதல் மனுவும் அதுதான்.

அவள் அதை மறுநாள் கடையில் நின்றபடி வாசித்தாள். பாதியில் முகம் மாறியது. "சே, மனுசன் சரியாத்தான் சொல்றார்" என்றாள். லாரி நின்று சாமான் இறக்கும்போது கம்பம் லாரிக்குப் பின்னால் மறைந்துவிடும், பள்ளிக்கூடப் பக்கத்திலிருந்து வரும் பிள்ளைகளுக்கு விளக்கு தெரியாது என்று அதில் இருந்தது. அத்தையும் அளவெடுத்தவரும் இதை யோசிக்கவில்லை. நானும்தான்.

அன்று மாலை எனக்கு வகுப்பு இருந்தது. போகும் வழியில் மூலையில் நிறுத்திவிட்டார்கள். அளவுநாடாவின் ஒரு முனையை என் கையில் கொடுத்து, மறுமுனையை முதலாளி பிடித்துக்கொண்டு எதிர்ப்புறம் போனார். அத்தை நடுவில் நின்று சைக்கிள்களை ஒதுக்கினாள்.

"இன்னும் கொஞ்சம் தள்ளி வாங்க அண்ணே."

"இதுக்கு மேல தள்ளினா கம்பம் உன் கடைக்குள்ள வந்துடும்."

"வரட்டும். இடம் பண்ணிக்கிறேன்."

"உன் ரிம்முக்கே இடம் இல்ல."

"இனிமே இருக்கும்" என்றாள் அத்தை.

பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் நாடாவுக்கு அடியில் குனிந்து குனிந்து போனார்கள். இரண்டு பக்கமிருந்தும் என்னிடம் அளவு கேட்டார்கள். நான் நாடாவை இழுத்துப் பிடித்துப் படித்துச் சொன்னேன். சரியாகப் படித்தேனா என்று சந்தேகமாக இருந்ததால் இன்னொரு முறை படித்தேன். அதே அளவுதான்.